கிளிவெக்: ஒரு மாத்திரை, ஒரு மருத்துவர், ஒரு வழக்கு

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை எழுதுகிறவன், வங்கியில் குமாஸ்தா, இவனை எதுக்கு ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டாங்க என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் மருந்து பற்றிப் பேச எங்கள் கவுண்டருக்கு ஒரு தகுதி இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நகைக்கடன் விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் என்ன எழுதினாலும், வாய் திறந்து பேசுகிறபோது பாதிப்பேர் சொல்வது ஆஸ்பத்திரிச் செலவைத்தான். ஒரு ஜோடித் தோடு, ரெண்டு குண்டுமணி, தேய்ந்துபோன மோதிரம். தராசில் வைத்து எடை போடுகிறபோது அந்த வீட்டில் யாரோ ஒருவர் படுத்திருப்பது எனக்குத் தெரியும். ஆகவே இன்று நான் பேசப்போவதில் விஞ்ஞானம் பாதி, விலை பாதி. ரெண்டையும் தனித்தனியாகப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்காங்க. அவங்க பேசட்டும்.

துல்லிய மருத்துவம் என்ற சொல் இப்போது எங்கு பார்த்தாலும் அடிபடுகிறது. 2015 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா தன் உரையில் இதை ஒரு தேசியத் திட்டமாகவே அறிவித்தார். 215 மில்லியன் டாலர் கேட்டார். எல்லாருக்கும் ஒரே மருந்து என்றில்லாமல், இன்ன நோயாளியின் உடம்பில் இன்ன மரபணு இன்ன விதமாகக் கோளாறாகியிருக்கிறது என்று பார்த்து அதற்கான மருந்தைக் கொடுப்பது என்று சுருக்கமாகச் சொல்லலாம். இதற்கு முதல் சாட்சியாக எல்லாரும் காட்டுவது ஒரு மாத்திரையை. இமாட்டினிப் என்பது அதன் வேதிப்பெயர், கிளிவெக் என்பது கடைப்பெயர். அந்த மாத்திரையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர் பிரையன் ட்ரூக்கர்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். சி.எம்.எல். என்று சுருக்கமாகச் சொல்கிற ரத்தப் புற்று. வெள்ளை அணுக்கள் கணக்கில்லாமல் பெருகும். சில வருசம் மெதுவாகப் போகும், பிறகு ஒருநாள் வேகமெடுத்து ஆளைக் கொண்டுபோய்விடும். 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற ரெண்டு பேர் இந்த நோயாளிகளின் ரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். அதற்கு அந்த ஊரின் பெயரே வந்தது. ஏன் குட்டை என்பது தெரிய இன்னும் 13 வருசம் ஆனது. சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற பெண்மணி, குரோமோசோம் படங்களை வீட்டுக்கு எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் கத்தரித்துப் பரப்பி வைத்துப் பார்ப்பாராம். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் 1973இல் சொன்னார்: 9ஆவது குரோமோசோமின் ஒரு துண்டும் 22ஆவதின் ஒரு துண்டும் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. அப்படி மாறியதில் தூர தூர இருந்த ரெண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு, இயற்கையில் இல்லாத ஒரு புரதத்தைச் செய்கின்றன என்பது 1980களில் தெளிவாயிற்று. டைரோசின் கைனேஸ் என்கிற வகை நொதி அது. அணுவுக்குப் 'பெருகு' என்று உத்தரவு கொடுக்கிற குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல உடம்பில் குழாயைத் திறக்கவும் செய்யலாம், மூடவும் செய்யலாம். இங்கே திருகு உடைந்துபோன தெருக்குழாய். ராத்திரி பகலாக ஊற்றிக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். மரபணு என்றவுடனே நம் ஊரில் 'பரம்பரை' என்று காதில் விழுகிறது. பிறப்பை வைத்தே மனுசரைச் சொல்லி முடித்துவிடுகிற சமூகத்தில் அப்படித்தானே விழும். வீட்டில் ஒருத்தருக்கு இந்த நோய் என்றால் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்று மூடி மறைக்கிற வீடுகள் உண்டு. ஆனால் இந்தக் கோளாறு பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்குப் போவதுமில்லை. வாழ்கிற காலத்தில், எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு அணுவில் நடந்துவிடுகிற விபத்து. இதை மேடைக்கு மேடை சொல்லலாம், தப்பில்லை.

இனி ட்ரூக்கருக்கு வருவோம். 1955இல் மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் பிறந்தவர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தில் முதலில் வேதியியல், பிறகு மருத்துவம், 1981இல் மருத்துவர். பிறகு பாஸ்டனில் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்குப் போய்ச் சேருகிறார். பகலில் நோயாளிகள், மற்ற நேரம் தாமஸ் ராபர்ட்ஸ் என்பவரின் ஆய்வுக்கூடம். அங்கே அவர் செய்த முதல் வேலை வெளியே பெரிதாகப் பேசப்படவில்லை. கைனேஸ் எங்கே எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து சொல்லும் ஒரு எதிர்ப்புரதத்தை உருவாக்கினார்கள். 4ஜி10 என்று அதற்குப் பெயர். உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் புழங்குகிற சாமான் அது. தராசு இல்லாமல் நகைக்கடன் கொடுக்க முடியுமா? அது மாதிரி, கைனேஸை நிறுத்துகிற மருந்து தேடுகிறவருக்கு அது நின்றதா இல்லையா என்று காட்ட ஒரு அளவுகோல் வேண்டும். அது இவர் கையில் இருந்தது.

அதே காலத்தில் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா-கெய்கி என்ற மருந்துக் கம்பெனியில் நிக்கோலஸ் லைடன் என்கிற விஞ்ஞானி கைனேஸ்களைத் தடுக்கும் வேதிப்பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தார். எந்த நோயைக் குறிவைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, சி.எம்.எல். என்று அடித்துச் சொன்னவர் ட்ரூக்கர். நோய்க்கு ஒரே காரணம், அந்தக் காரணம் ஒரு நொதி, அது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. இதைவிட நேரான வழக்கு வேறு எது? ஆனால் டானா-ஃபார்பர் நிலையம் சான்டோஸ் என்ற வேறொரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. ஆகவே போட்டிக் கம்பெனியான சீபா-கெய்கியோடு இவர் சேர்ந்து வேலை செய்ய முடியாமல் போனது. அங்கே இவருக்கு எதிர்காலம் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். 1993இல் நாட்டின் மறுகோடிக்கு, ஒரெகான் மாநிலத்தின் போர்ட்லாந்து நகருக்குப் போனார். போனவுடன் லைடனுக்குப் போன் போட்டார். உங்களிடம் ஏதாவது தயாராக இருக்கிறதா என்று கேட்டார். சில சேர்மங்கள் வந்தன.

அந்தச் சேர்மங்களைக் கட்டிய வேதியியலாளர் யூர்க் சிம்மர்மான். சோதித்தவர்களில் எலிசபெத் புக்டுங்கர் என்ற பெண்மணி ஒருவர். ஒரு ஆளின் கதையாகச் சொல்லும்போது இந்தக் கைகளெல்லாம் மறைந்துபோகின்றன. அதனால்தான் பெயர் சொல்லி நிறுத்துகிறேன்.

வந்தவற்றில் ஒன்று சரியாக உட்கார்ந்தது. அந்த நொதிக்குள் எரிபொருள் வந்து உட்காருகிற ஒரு குழி உண்டு. மருந்து போய் அந்தக் குழியில் உட்கார்ந்துவிட்டால் எரிபொருளுக்கு இடமில்லை, குழாய் நின்றுவிடும். 1996இல் வெளியான கட்டுரையில், சி.எம்.எல். நோயாளிகளின் ரத்தத்திலிருந்தும் மஜ்ஜையிலிருந்தும் வளர்த்த நோய்த் திரள்கள் 92 முதல் 98 சதவீதம் வரை குறைந்ததைக் காட்டினார்கள். நல்ல அணுக்களுக்குச் சேதமில்லை. அதுவரை புற்று மருந்து என்றாலே நல்லது கெட்டது பார்க்காமல் அடிக்கிற லத்தி மாதிரிதான். முடி கொட்டும், வாந்தி வரும். இது வேறு மாதிரி.

இத்தனை தெரிந்தபிறகும் அந்த மருந்து மனுசர் வாய்க்குப் போகவில்லை. 1996இல்தான் சீபா-கெய்கியும் சான்டோஸும் ஒன்றாகி நோவார்ட்டிஸ் ஆகின்றன. லைடன் கம்பெனியை விட்டுப் போகிறார். நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கல்லீரல் பாதிப்பு தெரிந்தது. அதை அலட்சியப்படுத்தச் சொல்ல முடியாது. ஆனால் கூடவே இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் வருசத்துக்கு ஒரு சில ஆயிரம் பேருக்கு வருகிற நோய். இதற்கு இவ்வளவு செலவா? நம்ம தெருவுக்கு பஸ் விட ஆள் போதாது என்று சொல்வாங்களே, அதே கணக்குத்தான். ட்ரூக்கர் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார். இந்த நோயாளிகள் எப்படியும் சாகப்போகிறார்கள், கல்லீரலைக் கவனித்துக்கொண்டே கொடுத்துப் பார்க்கலாம், எனக்கு நோயாளிகளைப் பார்க்கத் தெரியும் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையின் முக்கியமான காலம் இந்த ரெண்டு வருசம்தான். அப்போது அவர் செய்தது கண்டுபிடிப்பு எதுவும் இல்லை, நச்சரிப்பு. விஞ்ஞான வரலாற்றில் நச்சரிப்புக்குத் தனி அத்தியாயம் எழுத வேண்டும்.

1998 ஜூனில் முதல் கட்டச் சோதனை தொடங்கியது. போர்ட்லாந்தில் ட்ரூக்கர், லாஸ் ஏஞ்சல்ஸில் சார்லஸ் சாயர்ஸ், ஹூஸ்டனில் மோஷே தல்பாஸ் மூவரும் நடத்தினார்கள். போர்ட்லாந்தின் முதல் நோயாளி ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர். 25 மில்லிகிராமில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றினார்கள். 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை சரியானது. முதல் கட்டச் சோதனை என்பது மருந்தைத் தாங்க முடிகிறதா என்று பார்க்கத்தான். குணம் தெரிவதே அபூர்வம். இங்கே 54க்கு 53.

செய்தி இணையத்தில் நோயாளிகளுக்குள்ளே பரவியது. மருந்து போதவில்லை. 1999இல் கனடாவின் மாண்ட்ரியலில் ஒரு பெண் நோயாளி மனு ஒன்றைத் தொடங்கி, 3,000க்கும் மேற்பட்டவர்களின் கையெழுத்தோடு நோவார்ட்டிஸ் தலைமைக்கு அனுப்பினார். கம்பெனி உற்பத்தியைக் கூட்டியது. மனுக் கொடுப்பதையே வாழ்க்கையாக வைத்திருக்கிற நமக்கு இது புதுசில்லை. ஆனால் படுக்கையில் கிடந்தவர்கள் கொடுத்த மனு அது. 2001 மே 10 அன்று அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது, விண்ணப்பித்து மூன்று மாதம்கூட ஆகாமல். 'டைம்' பத்திரிகை அட்டைப்படம் போட்டது. பின்னால் 10 வருசக் கணக்கு எடுத்தபோது இமாட்டினிப்பில் தொடங்கியவர்களில் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். முன்பு ஐந்து வருசம் தாண்டுவதே பாதிப்பேருக்குக் கிடையாது.

2009இல் ட்ரூக்கர், லைடன், சாயர்ஸ் மூவருக்கும் லாஸ்கர் விருது. நல்ல பரிசு, கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்தார்கள். இதோடு கதையை முடித்துவிட்டால் பள்ளிக்கூடப் பாடம் ஆகிவிடும்.

விலைக்கு வருகிறேன். நான் கணக்கப்பிள்ளை, இங்கேதான் எனக்குக் கை ஓடும். அமெரிக்காவில் 2001இல் ஒரு வருசத்துக்கு ஏறக்குறைய 30,000 டாலர். 2012இல் 92,000 டாலர். மருந்து அதே மருந்து. இடையில் யாரும் அதில் தங்கம் கலக்கவில்லை. ஆட்கள் குறைவு என்று தயங்கிய கம்பெனிக்கு 2012இல் மட்டும் இந்த ஒரு மருந்தில் விற்பனை 4.6 பில்லியன் டாலருக்கு மேல். ஏன் தெரியுமா? நோயாளி சாகவில்லை. சாகாதவர் தினமும் மாத்திரை போடுகிறார். வருசா வருசம் புது நோயாளிகள் சேர்கிறார்கள், பழையவர்களும் இருக்கிறார்கள். உயிரோடு இருப்பதே சந்தா கட்டுவதாகிவிட்டது. தன் ஆய்வுக்கு வந்த பணத்தில் பாதி அமெரிக்க அரசின் புற்றுநோய் நிறுவனத்திலிருந்து, 30 சதவீதம் ரத்தப்புற்றுக்கான தொண்டு அமைப்பிலிருந்து, நோவார்ட்டிஸ் கொடுத்தது 10 சதவீதம்தான் என்று ட்ரூக்கர் கணக்குச் சொல்லியிருக்கிறார். பெரிய சோதனைகளையும் உற்பத்தியையும் கம்பெனி தன் செலவில் செய்தது, அதையும் வரவில் எழுதத்தான் வேண்டும். ஆனால் மருந்தின் காப்புரிமை ட்ரூக்கரிடம் இல்லை. விலை வைக்கிற மேசையில் அவருக்கு நாற்காலியும் இல்லை.

வழக்கு நடந்த காலத்தில் இந்தியாவில் கிளிவெக் மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாயாக இருந்தது. ஒரு நாளைக்கு 4,000. நம்மூர்க் கம்பெனிகள் செய்த அதே இமாட்டினிப் அப்போது மாதம் 8,000 முதல் 10,000. 1970ஆம் வருசத்துச் சட்டப்படி இங்கே மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்குத்தான் உண்டு. அந்த ஒரு சட்டம் இல்லாவிட்டால் இந்த ரெண்டாவது விலை பிறந்தே இருக்காது. உலக வர்த்தக ஒப்பந்தத்தின் கட்டாயத்தில் 2005இல் சட்டம் திருத்தப்பட்டு, மருந்துக்கும் காப்புரிமை வந்தது. இடதுசாரிகள் நெருக்கியதால் கூடவே ஒரு பிரிவும் வந்தது: 3(டி). ஏற்கெனவே தெரிந்த மருந்தைக் கொஞ்சம் உருமாற்றிக் கொண்டுவந்தால், குணப்படுத்துகிற ஆற்றல் கூடியிருக்கிறது என்று காட்டினால்தான் காப்புரிமை. சும்மா சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் கிடையாது.

இங்கேதான் கதை நம்ம சென்னைக்கு வருகிறது. நோவார்ட்டிஸ் 1998இலேயே சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டிருந்தது. கேட்டது மூலப்பொருளுக்கு இல்லை, அதன் உப்பின் ஒரு படிக வடிவத்துக்கு. 2003இல் அதற்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. 2004இல் சில இந்தியக் கம்பெனிகளுக்கு எதிராக இங்கேயே இடைக்காலத் தடையும் வாங்கினார்கள். மும்பையின் புற்றுநோயாளர் உதவிச் சங்கம் காப்புரிமை கொடுக்கக்கூடாது என்று ஆட்சேபம் போட்டது. மருந்துக் கம்பெனிகளும் போட்டன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) பிரிவே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று நோவார்ட்டிஸ் சென்னை உயர்நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் நீதிபதிகள் ஆர்.பாலசுப்ரமணியன், பிரபா ஸ்ரீதேவன் இருவரும் அதைத் தள்ளுபடி செய்தார்கள். கடைசியில் உச்சநீதிமன்றம். இந்தப் படிக வடிவம் உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்பது கம்பெனியின் வாதம். சேர்வது வேறு, குணப்படுத்துவது வேறு, அது கூடியதாகக் காட்டவில்லை என்று 2013 ஏப்ரல் 1 அன்று நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தீர்ப்பெழுதினார்கள். அப்போது நான் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நடப்பு நிகழ்வுகள் பகுதியில் ஒரு மார்க்குக்காக '3(டி)' என்று மனப்பாடம் பண்ணிய ஞாபகம்.

கம்பெனி தரப்பையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் கிளிவெக் சாப்பிடுகிறவர்களில் 95 சதவீதம் பேருக்கு இலவசமாகவே கொடுக்கிறோம் என்றார்கள். ஆயிரக்கணக்கானோர் அப்படி வாங்கிப் பிழைத்தார்கள் என்பது உண்மை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இலவசம் என்பது கொடுக்கிறவர் விருப்பம். தகுதியை அவர்கள் தீர்மானிப்பார்கள், படிவத்தை அவர்கள் வைத்திருப்பார்கள், நாளைக்கு நிறுத்தினால் கேட்க முடியாது. கை நீட்டி வாங்குவதற்கும் கடையில் காசு கொடுத்து வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த அரங்கில் நான் விளக்க வேண்டியதில்லை.

சென்னைத் தீர்ப்பு வந்த அதே 2007 ஆகஸ்டில் ட்ரூக்கர் ஒரு இந்திய நாளிதழில் எழுதினார். இந்த மருந்துக்கு வைத்த விலை தனக்குச் சங்கடமாக இருக்கிறது, முதலீடு செய்த கம்பெனிக்கு நியாயமான வருமானம் வரட்டும், ஆனால் சின்னச் சின்ன மாற்றம் செய்து காப்புரிமையை நீட்டிக்கொண்டே போவது சரியில்லை என்ற பொருளில். தன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற மருந்தின் கம்பெனியை, அது வழக்காடிக்கொண்டிருக்கிற நாட்டிலேயே விமர்சிப்பது சாதாரணம் இல்லை. 2013இல் 'பிளட்' என்ற ரத்தவியல் இதழில், சி.எம்.எல். நிபுணர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சேர்ந்து விலையைக் கண்டித்தபோதும் அதில் அவர் பெயர் இருந்தது. இதற்காக அவரைத் துறவி ஆக்க வேண்டாம். பரிசோதனைக் கம்பெனி ஒன்றை அவரும் தொடங்கியவர்தான். நைக்கி செருப்புக் கம்பெனியின் பில் நைட் 2008இல் 100 மில்லியன் டாலர் கொடுத்தார், அவர் நிலையத்துக்கு நைட் பெயரே வைத்தார்கள். நைக்கி என்றவுடன் எனக்குச் செய்யாறு சிப்காட் ஞாபகம் வருகிறது. அங்கே தைவான் கம்பெனி ஒன்றின் ஆலையில் நம்மூர்ப் பெண்கள் அந்தச் செருப்பைத்தான் செய்கிறார்கள். போர்ட்லாந்து ஆய்வுக்கூடத்தின் செங்கல்லில் அவர்கள் விரல்ரேகையும் கொஞ்சம் இருக்கும் என்று ஒரு கவிஞன் சொன்னால் கோபிக்காதீர்கள்.

மருந்துக்கு அப்புறமும் அவர் வேலை நிற்கவில்லை. சிலருக்கு இமாட்டினிப் கேட்காமல் போனது. நொதியின் குழி உருமாறி மருந்துக்கு இடம் கொடுக்க மறுக்கிறது என்று 2001இலேயே சாயர்ஸ் குழு காட்டியது. 2013இல் ஏ.எம்.எல். என்ற இன்னொரு ரத்தப்புற்றில் ட்ரூக்கர் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். 2018இல் 562 நோயாளிகளின் 672 மாதிரிகளைச் சோதித்த விவரத்தை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள். அதில் தெரிந்தது, இந்த நோய்க்கு ஒரு குழாய் இல்லை, பல குழாய்கள். ஆளுக்கு ஆள் வேறு கூட்டணி. இமாட்டினிப் மாதிரி ஒரு மாத்திரையில் முடிகிற காரியம் இல்லை. துல்லிய மருத்துவம் என்று பேசுகிறவர்கள் பலர் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை. அவர்கள் சொன்னார்கள்.

துல்லியம் என்பது மாத்திரையோடு முடிகிறதும் இல்லை. நோயணு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனை பெரிய ஊர்களில்தான். ஒருநாள் கூலி போகும், பஸ் செலவு, கூட ஒரு ஆள். மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்து தோற்கும் என்பதும் நிரூபணமான விஷயம். மருந்து மலிவானபிறகும் மிச்சமிருக்கிற சண்டை இது.

இன்னொன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். 2021இல் சி.எம்.எல்.லுக்கு ஒரு புது மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அசிமினிப். அப்போது அது, முன்பே வேறு மருந்துகள் எடுத்துப் பார்த்தவர்களுக்கானதாக இருந்தது. அதே நோவார்ட்டிஸ். இப்படி இன்னும் வரும். நம் சட்டத்தில் காப்புரிமை கொடுப்பதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம், 25ஆம் பிரிவு. மும்பைச் சங்கம் போட்டது அப்படித்தான். 2024 மார்ச்சில் விதிகளைத் திருத்திவிட்டார்கள். ஆட்சேபத்துக்கு இப்போது கட்டணம் உண்டு. அதை ஏற்கலாமா என்று அதிகாரி முதலில் பார்த்து முடிவு செய்வார். வாசற்படியைக் கொஞ்சம் உயர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான், கதவு இன்னும் மூடவில்லை. படிவம் எண் 7ஏ. நான் குமாஸ்தா, படிவத்தில்தான் கண் போகும். அலுவலகம் கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில். இங்கே சட்டம் படிக்கிறவர்களும் உயிரியல் படிக்கிறவர்களும் இருக்கிறீர்கள். ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அந்தப் படிவத்தை நிரப்ப முடியும். சனி, ஞாயிறு எனக்கு நேரம் உண்டு, ரெண்டாவது, நாலாவது சனி முழுநாளும். உச்சநீதிமன்றத் தீர்ப்பின் நகல் கொண்டுவந்திருக்கிறேன், நூறு பக்கத்துக்கு மேல் போகிறது. ஒரே ஒரு பிரதிதான், ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.